புனர்பூஜை ஆகாத இழைப்புளி

பூமிக்கு மேலே உரிமை கிடைக்காத மனுஷன் பூமிக்குக் கீழேயாவது ராஜாவாக வாழ வேண்டும் என்று, அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் வீடு வாங்கிய மறு வருஷம் நான் தீர்மானம் செய்தேன்.

காரணம் உண்டு. எங்கள் வீட்டில் மேல் மாடி ஸ்வர்ணாவுடையது. கீழ்த் தளமும் ஸ்வர்ணாவுடையது. ஸ்வர்ணா என் மனைவி. வேறு யாராவது இப்படி இடத்தைப் பிடித்திருந்தால் வாடகையாவது கேட்டிருப்பேன். பெட்ரூம் குளோசெட்டில் என் பங்கு ஒரே ஒரு ஹாங்கர். சோபாவில் ஒரு மூலை எனக்கு உண்டு, அதுவும் அவளுடைய தம்பூராவுக்கு வேண்டாதபோது மட்டும். மிச்சம் இருந்தது பேஸ்மென்ட். வாஷிங் மெஷின், வீட்டைச் சூடாக்கும் பர்னஸ், சில சிலந்திகள் தவிர அங்கே யாரும் குடியிருக்கவில்லை. அங்கே ஒரு மரவேலைப் பட்டறை வைப்பது என்று முடிவு செய்தேன்.

எனக்கும் மரவேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஸ்வர்ணாவும் கேட்டாள். நான் ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராமர். பகலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பொருளைச் செய்கிறவன். கையால் தொட்டு, "இது நான் பண்ணினது" என்று சொல்ல ஒரு முக்காலியாவது வேண்டாமா? அந்த ஏக்கம் எனக்கு நிஜமாகவே இருந்தது. சிரிக்காதீர்கள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வெள்ளைக்காரர் ரிடையராகி ஃப்ளோரிடாவுக்குப் போகிறார் என்று, பழைய சாமான்களை வாசலில் பரப்பி யார்ட் சேல் போட்டிருந்தார். ஒரு மரப்பெட்டி நிறைய பழைய இழைப்புளி, உளி, ரம்பம். யாரும் சீண்டவில்லை. நான் சீண்டினேன். அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெட்டியைச் சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நான் மனசு மாறிவிடுவேனோ என்று பயந்து கார் வரைக்கும் தூக்கியும் வந்தார்.

வாசலில் ஸ்வர்ணா நின்றிருந்தாள்.

"என்னன்னா அது?"

"இழைப்புளி."

"துரு மாதிரின்னா இருக்கு?"

"துருவுக்குள்ளே இழைப்புளி இருக்கு, ஸ்வர்ணா."

"இருக்கட்டும். அது வெளியே வந்தப்புறம் ஆத்துக்குள்ளே கூட்டிண்டு வாங்கோ."

லைப்ரரியில் புஸ்தகம் எடுத்துப் படித்தேன். பழைய ஆயுதத்தை வினிகரில் ஊறப் போட்டால் துரு விட்டுவிடும் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஏது வினிகர்? ஆனால் புளி இருந்தது. குத்துவிளக்கும் வெண்கலப் பானையும் எதனால் பளபளக்கின்றன? வெள்ளைக்காரனுக்குத் தெரியாத ரகசியம் நம் அடுக்களையில் இருக்கிறது என்று எனக்கு மார்பு விம்மியது. பக்கத்து ஊரான எடிசனின் இந்தியன் ஸ்டோரில் ஸ்வர்ணா பார்த்துப் பார்த்து வாங்கிய புளிக் கட்டி முழுவதையும் பெரிய பக்கெட்டில் கரைத்து, இழைப்புளிகளை உள்ளே இறக்கினேன். அந்த வாரம் மேலே ரசம் கிடையாது. கீழே பக்கெட் நிறைய இருந்தது.

ஸ்வர்ணா படியில் பாதி இறங்கி எட்டிப் பார்த்தாள்.

"பெருங்காயம் போட்டேளா?"

"இது சயன்ஸ், ஸ்வர்ணா."

"சரி. ரெண்டு கொதி வந்ததும் சொல்லுங்கோ, நெய்யிலே கடுகு தாளிச்சுக் கொண்டு வரேன்."

கிண்டல் பண்ணினாளே தவிர, துரு விட்டது. நிஜமாகவே விட்டது. எஃகு சாம்பல் நிறத்தில் வெளியே வந்தபோது நான் தனியாகக் கைதட்டினேன். மரப் பிடிகளுக்கு நல்லெண்ணெய் தேய்த்தேன், தீபாவளிக்குக் குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி. பிறகு சாணைக்கல் வாங்கி உளிகளைத் தீட்டினேன். கூர் சரியா என்று பார்க்க, முன்கை ரோமத்தைச் சிரைத்துப் பார்க்க வேண்டும் என்பது புஸ்தகத்தின் கட்டளை. ஒவ்வோர் உளிக்கும் ஒரு பட்டை. சீக்கிரமே என் இடது கை மொழுமொழு என்றாகிவிட்டது. ஆபீஸில் என் பாஸ் தனியாகக் கூப்பிட்டு, உடம்புக்கு ஏதாவது என்றால் தயங்காமல் லீவ் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆயுதம் தயார். முதல் காரியமாக ஸ்வர்ணாவுக்கு ஒரு முக்காலி செய்து அவள் வாயை அடைப்பது என்று தொடங்கினேன். பலகையை வைத்து இழைத்தேன். இந்தப் பக்கம் சமமானால் அந்தப் பக்கம் மேடு. அந்தப் பக்கத்தை இழைத்தால் நடுவில் பள்ளம். பள்ளத்துக்குச் சமமாக இரு பக்கமும் இழைத்தேன். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது, மல்லிகைப் பூவையும் தூக்கி அடிக்கிற மாதிரி பைன் மர வாசனையோடு. எனக்குச் சாப்பாடு தூக்கம் மறந்துபோனது.

ஸ்வர்ணா வந்து ஒரு சுருளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"சுருள் ரொம்ப நன்னா வந்திருக்கு."

"தேங்க்ஸ்."

"பலகை எங்கே?"

பலகை இருந்தது. தேடினால் கிடைக்கும். அன்றிலிருந்து அவள் அதில்தான் தோசை திருப்புகிறாள்.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் என் ராஜ்யம் நடந்துகொண்டிருக்கையில்தான் செப்டம்பர் மாசம் இடி விழுந்தது. ஸ்வர்ணா நன்றாகப் பாடுவாள். எங்கள் சிநேகிதர் மகாதேவனின் மனைவி காமாக்ஷி, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து போன் செய்து, "எங்க கொழந்தைக்குப் பாட்டு சொல்லித் தாயேன்" என்று ஆரம்பித்து வைத்தாள். செய்தி பரவியது. சென்ட்ரல் ஜெர்சியில் இருக்கிற தமிழ் அம்மாக்கள் எல்லோரும், தங்கள் குழந்தைகள் ரேடியோவோடு சேர்ந்து இங்கிலீஷில் அலறுவதை உடனே நிறுத்தியாக வேண்டும் என்ற நிலையில் இருந்தார்கள்.

"ஏன்னா, விஜயதசமி அன்னிக்குக் கிளாஸ் ஸ்டார்ட் பண்றேன். பேஸ்மென்ட்ல."

"எந்த பேஸ்மென்ட்ல?"

"நமக்கு எத்தனை பேஸ்மென்ட் இருக்கு?"

"ஃபேமிலி ரூம்ல வெச்சுக்கோயேன்."

"இத்தனை கொழந்தைகளை எங்கே உட்கார வெக்கறது? உங்க மடியிலயா?"

"அப்போ என் டூல்ஸ்?"

"கராஜ்ல போடுங்கோ."

"கராஜ்ல கார் இருக்கே. ஸ்னோவிலே நிறுத்த முடியுமா?"

"அப்போ யார்ட் சேல் போட்டுடலாம். வந்த வழியிலேயே போகட்டும்."

இதற்கு மேல் அப்பீல் கிடையாது. புளியில் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, என் ரோமத்தையே காணிக்கை கொடுத்து வளர்த்த ஆயுதங்கள். அவற்றை யாரோ அள்ளிக்கொண்டு போவதா? விட்டுவிட மாட்டேன் என்று சபதம் போட்டேன். சத்தம் போடாமல்தான் போட்டேன்.

யோசனை கார் ஓட்டும்போது உதித்தது. மறுநாள் லஞ்சுக்கு மகாதேவனைப் பிடித்தேன். அவருக்கு என் ஆபீஸுக்குப் பக்கத்து பில்டிங்கில் வேலை. வீட்டில் என்னைவிடச் சின்ன ராஜ்யம். காரின் கிளவ் கம்பார்ட்மென்ட் மட்டும் அவருடையது.

"ஓய், சரஸ்வதி பூஜைக்கு ஆயுதத்தை வெச்சுப் பூஜை பண்றோம். அப்புறம் எப்போ எடுக்கலாம்?"

"மறுநாள் விஜயதசமிக்குப் புனர்பூஜை பண்ணிட்டு எடுக்கணும்."

"புனர்பூஜை பண்ணலைன்னா?"

"எடுக்கக் கூடாது. பூஜையிலே இருக்கறதை யாராவது தொடுவாளா?"

"கரெக்ட். நான் பேஸ்மென்ட் நடுவிலே எல்லா டூல்ஸையும் பரப்பிப் பூஜை பண்ணப் போறேன். மறுநாள் காலம்பற ஆபீஸுக்கு ஓடிடப் போறேன். புனர்பூஜை கிடையாது. ஸ்வர்ணாவுக்குப் பக்தி ஜாஸ்தி. கை வெக்க மாட்டா."

மகாதேவன் தயிர் சாதத்தை வாயில் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அவாளே புனர்பூஜை பண்ணிட்டா?"

"டூலுக்குச் சொந்தக்காரன்தான் பண்ணணும்னு சொல்லிடுவேன்."

"இங்கே எல்லாப் பண்டிகையையும் வீக்எண்டுக்குத் தள்ளிடுவாளே. சனி ஞாயிறுன்னா நீர் ஆத்துலன்னா இருப்பீர்?"

"திதியை மாத்தக் கூடாதுன்னு சாஸ்திரம் பேசுவேன்."

"அது சரி, நீர் எப்படி அதுகளை எடுத்து யூஸ் பண்ணுவீர்?"

"நான் மானசீகமா ஒரு புனர்பூஜை பண்ணிப்பேன். எனக்கும் அம்பாளுக்கும் மட்டும் தெரிஞ்சா போறும். அவ இல்லாதப்போ இறங்கி இழைச்சுக்க வேண்டியது."

"ஓய், இதிலே எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கு."

"எங்கே?"

"எனக்குத் தெரியலை. உம்ம ஆத்துக்காரிக்குத் தெரியும்."

பொறாமை என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே முதல் காயை நகர்த்தினேன்.

"ஸ்வர்ணா, இந்த வருஷம் ஆயுத பூஜையைப் பெரிசா பண்ணலாம்னு பார்க்கறேன். பேஸ்மென்ட்ல."

அவள் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். போன வருஷம் சரஸ்வதி பூஜை என்றைக்கு என்று தெரியாமல் என் பாட்டுக்கு ஆபீஸ் போனவன் நான்.

"பண்ணலாமே. சனிக்கிழமை வெச்சுக்கலாமா? எல்லாரும் வீக்எண்டுலதான் பண்றா."

"சேச்சே! வீக்எண்டாவது, வீக்டேயாவது. அம்பாள் என்ன ஆபீஸுக்கா போறா? நவமின்னா நவமி. தசமின்னா தசமி. நம்ம சௌகரியத்துக்குத் திதியை மாத்தினா அது பூஜை இல்லே, பிக்னிக்."

"அப்படியா சொல்றேள்?"

"சாஸ்திரம் சொல்றது. அதோட, அந்தந்தப் பொருளுக்கு யார் சொந்தக்காரரோ அவாதான் புனர்பூஜையும் பண்ணணும். அது இல்லாம இம்மி நகர்த்தப்படாது."

"இதெல்லாம் எனக்குத் தெரியாமப் போச்சே," என்றாள் ஸ்வர்ணா. மறுபடி கத்தரிக்காயை எடுத்து, ரொம்ப மெதுவாக நறுக்க ஆரம்பித்தாள். நான் அந்த மெதுவைக் கவனித்திருக்க வேண்டும்.

பூஜை அமர்க்களமாக நடந்தது. பேஸ்மென்ட்டை நானே பெருக்கித் துடைத்தேன். என் வொர்க் பெஞ்சை நட்டநடுவில் இழுத்துப் போட்டேன். இழைப்புளிகளுக்கு வரிசையாகச் சந்தனம், குங்குமம். சூப்பர்மார்க்கெட்டில் ஹாலோவீன் பண்டிகைக்காகச் சாமந்தித் தொட்டிகள் மலிந்து கிடந்தன. ரம்பத்துக்குக்கூட மாலை போட முடிந்தது. திருஷ்டிக்கு வெள்ளைப் பூசணி கிடைக்காமல், கண் மூக்கு செதுக்காத ஆரஞ்சுப் பூசணிக்காய் ஒன்று. ஸ்வர்ணா என் பக்திக்குச் சளைக்காமல் சரஸ்வதி படத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். தன் தம்பூராவையும் பக்கத்தில் சாத்தினாள். பெஞ்சைச் சுற்றிப் பட்டுப் புடவையால் அலங்காரம் செய்தாள். குத்துவிளக்கு ஏற்றினாள். வடையும் சுண்டலும் நைவேத்தியம். நான் கண்ணை மூடிக்கொண்டு, 'தாயே, இந்த பேஸ்மென்ட்டை எனக்கே விட்டுவிடு' என்று உருக்கமாக வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் அவளும் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் விடியும்போதே நான் டை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"ஏன்னா, புனர்பூஜை?"

"ஆபீஸ்ல மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர் படுத்துடுத்து. போன் வந்தது."

"எனக்கு ரிங் கேக்கலையே."

"மெதுவா அடிச்சது."

"அப்போ தசமி போயிடுமே. டூல்ஸை நகர்த்த முடியாதே."

"அதான் எனக்கும் வருத்தமா இருக்கு, ஸ்வர்ணா. என்ன பண்றது, கிளாஸை வேற எங்கேயாவது வெச்சுக்கோ."

"பார்த்து டிரைவ் பண்ணுங்கோ," என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை. கண்ணீர் இல்லை. ஜெயித்தவனுக்கு ஒரு கண்ணீராவது வேண்டாமா? கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனாலும் ரூட் டூ எய்ட்டி செவன் ஹைவேயில் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே பாடினேன். டிராஃபிக் நின்ற இடத்தில் மானசீகமாகப் புனர்பூஜையையும் முடித்தேன். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தபோது அதை மணியாக வைத்துக்கொண்டு தீபாராதனை.

தசமி முழுசாகக் கழியட்டும் என்று ஆபீஸ் காலியான பிறகும் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். என் டிரைவ்வேயில் எனக்கு இடமில்லை. ஸ்டேஷன் வேகன்களாக நின்றன. பேஸ்மென்ட் படியின் தலைமாட்டில் குட்டிக் குட்டி ஷூக்கள் குவிந்து கிடந்தன. கீழேயிருந்து ஸரிகமபதநிஸ என்று ஒரு கோஷம், பர்னஸையும் மீறி எழும்பி வந்தது.

படியில் இறங்கினேன். என் பெஞ்சு அப்படியே இருந்தது. ஒரு உளிகூட இம்மி நகரவில்லை. விளக்கு எரிந்தது. சந்தனம் புதுசாக இட்டிருந்தது. பெஞ்சின் முன்னால் தரை முழுவதும் கார்ப்பெட். கார்ப்பெட் முழுவதும் குழந்தைகள். எல்லாம் என் இழைப்புளிகளைப் பார்த்துப் பக்தியோடு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஸ்வர்ணா, மடியில் தம்பூராவோடு.

காமாக்ஷி பரவசமாக எழுந்து வந்தாள்.

"ஸார், உங்க பக்தி யாருக்கு வரும்! சரஸ்வதிக்கு ஒரு சந்நிதியே அமைச்சுக் குடுத்திருக்கேளே! ஸ்வர்ணா சொன்னா, நிரந்தரமா இப்படியே இருக்கட்டும்னு நீங்க தீர்மானமா சொல்லிட்டேளாம்."

"நான் வந்து..."

"அங்கிள், ஷூஸ்!" என்று அவளுடைய பெண் என் காலைக் காட்டிக் கூவினாள். "யூ கான்ட் வேர் ஷூஸ் இன் தி டெம்பிள்!"

திரும்பி மேலே போய் ஷூவைக் கழற்றினேன். குழந்தைகள் எல்லாம் போகும்வரை சோபாவின் மூலையில் உட்கார்ந்திருந்தேன். கடைசிக் கார் புறப்பட்டதும் ஸ்வர்ணா சுண்டலோடு வந்தாள்.

"தம்பூராவும் பூஜையிலேதானே இருந்தது?" என்று பாய்ந்தேன். "அதை மட்டும் எப்படி எடுத்தே?"

"தம்பூராவுக்குச் சொந்தக்காரி நான். நீங்க சொன்னபடி காலம்பறவே புனர்பூஜை பண்ணிட்டேன்."

"அப்படியே என் டூல்ஸுக்கும் பண்ணியிருக்கலாமே?"

"ஐயையோ, அது உங்களுதுன்னா? நான் பண்ணப்படாதே."

"சரி, போனது போகட்டும். சனிக்கிழமை நானே சின்னதா ஒரு புனர்பூஜை பண்ணிடறேன். டூல்ஸை எடுத்துக்கறேன். கராஜிலேயே வெச்சுக்கறேன். கார் ஸ்னோவிலே நின்னா நிக்கட்டும்."

"வீக்எண்டுலயா?"

"ஏன்?"

"அம்பாள் என்ன ஆபீஸுக்கா போறா?"

நான் சுண்டலை மென்றேன். 

"அப்போ எப்போதான் எடுக்கறது?"

"அடுத்த விஜயதசமிக்கு. அன்னிக்கு உங்க மெயின்ஃப்ரேம் நன்னா இருந்தா."

"ஒரு வருஷமா! அது வரைக்கும் நான் என்ன பண்றது?"

"நமஸ்காரம் பண்ணிக்கோங்கோ. உங்க டூல்ஸ்தானே, யார் வேண்டாங்கறா?"

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "ஸ்வர்ணா, உண்மையைச் சொல்லிடறேன். நான் ஏற்கெனவே புனர்பூஜை பண்ணிட்டேன். தசமியிலேயே. மானசீகமா."

"எங்கே?"

"டூ எய்ட்டி செவன்ல."

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் ஸ்வர்ணா, காலிக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு. "மானசீகமா புனர்பூஜை பண்ணினவர், மானசீகமாவே இழைச்சுக்கோங்கோ."

வேறு வழி? இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் சோபா மூலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். கீழே ஸரளி வரிசை நடக்கும். நான் மனசுக்குள் இழைப்பேன். நேர்மையாகச் சொன்னால், இப்படிச் செய்யும்போது பலகை கரைவதில்லை. மேடு பள்ளம் கிடையாது. தேக்கு மரத்தில் பிரம்மாண்டமாக ஓர் அலமாரி எழும்பிக்கொண்டிருக்கிறது. என் ஆயுசில் முதல் தடவையாக முழுக்க முழுக்க எனக்கே சொந்தமான ஒரு சாமான். நேற்று கதவுக்குக் கீல் வைக்கிற சமயம், ஸ்வர்ணா வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்ன பண்ணிண்டிருக்கேள்?"

"அலமாரி."

"எத்தனை தட்டு?"

"நாலு."

"மூணு எனக்கு."